மூன்று பிரதிச் சீட்டு

டாக்டர் எழுதித் தரும் மருந்துச் சீட்டை வாங்குகிறோம். மருந்துக் கடையில் நீட்டுகிறோம். பிறகு மறந்து விடுகிறோம். அதை மூன்றாவது ஒருவரும் படிக்கிறார் என்றால் நமக்கு எப்படியிருக்கும்? அமெரிக்காவில் சிலவகை மருந்துகளைப் பொறுத்தவரை அந்த மூன்றாவது ஆசாமி சர்க்கார்தான்.

அபினிலிருந்து கிடைக்கும் மார்பின் முதலியவை பொறுக்க முடியாத வலியையும் தணிப்பவை. ஆனால் உண்டவனை அடிமை கொள்ளவும் வல்லவை. ஆகவே, இவற்றை விற்போரும் வழங்கும் டாக்டர்களும் பதிவு செய்து கொண்டு கணக்கு வைக்க வேண்டும் என்று 1914-ல் ஹாரிஸன் சட்டம் விதித்தது. 1939-ல் கலிபோர்னியா மாகாணம் மற்றொரு படி ஏறிற்று. அங்கே சீட்டு மூன்று பிரதிகளாயிற்று: ஒன்று டாக்டருக்கு, ஒன்று மருந்துக் கடைக்கு, ஒன்று சர்க்காருக்கு.

நியூயார்க் மாகாணம் 1972-ல் இயற்றிய சட்டப்படி, மாதந்தோறும் சுமார் ஒரு லட்சம் சீட்டுகள் தலைநகரான ஆல்பனிக்கு வந்து குவிந்தன. நோயாளியின் பெயர், விலாசம், வயது எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறின. போதை அடிமை என்ற அவப்பெயர் வருமோ என்று அஞ்சிச் சிலர் மருந்தையே தவிர்த்தார்கள். நோயாளிகளும் டாக்டர்களும் வழக்குத் தொடுத்தார்கள். தகவல்களைப் பத்திரமாகப் பூட்டி வைத்து, ஐந்தாண்டுகளில் சீட்டுகளை அழித்துவிட ஏற்பாடு இருந்ததைக் கவனித்த சுப்ரீம் கோர்ட்டு, 1977-ல் சட்டம் செல்லும் என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது.

இந்தக் காவலின் பயன் பின்னரே விளங்கிற்று. 1996-ல் ஆக்ஸிகான்டின் என்னும் வலி மாத்திரை பலத்த விளம்பரத்தோடு கடைக்கு வந்தது. அப்போது மூன்று பிரதி முறை ஐந்தே மாகாணங்களில் இருந்தது. சீட்டு எழுதுவதன் சிரமத்தை அறிந்த கம்பெனி, அங்கெல்லாம் தன் விளம்பரத்தைச் சுருக்கிக் கொண்டது. அவ்விடங்களில் மாத்திரை குறைவாகவே பரவிற்று. போதை மருந்து மிஞ்சி மாண்டவர் தொகையும் மற்ற இடங்களைப் போல் ஏறவில்லை. 2022-ல் பிரசுரமான ஓர் ஆராய்ச்சி இதைக் காட்டியது. ஒரு காகிதத்தின் தொந்தரவு எத்தனையோ குடும்பங்களைக் காத்திருக்கிறது!

இன்று காகிதத்தின் இடத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது. கடைசியாக மிஸௌரி மாகாணமும் 2021-ல் இதற்குச் சட்டம் செய்தது. கண்காணிப்பு வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கள்ள வியாபாரியைத் தேடும் கண், வலியால் துடிக்கும் நோயாளியைக் குற்றவாளியாகப் பார்க்கலாகாது. அவன் அஞ்சி மருந்தை மறுத்தால், காவலே நோயாகி விடும் அல்லவா?