ஒலிபெருக்கியும் ஒளித்திரையும்

செஞ்சிக்கு அணித்தாயுள்ள தளவானூர்க் குன்றினைக் குடைந்து, பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் சத்துருமல்லேசுவராலயம் என்னுங் கோயிலை அமைத்தான். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் வாயிற்காவலர் உருவங்கள் நின்று நிலவுகின்றன. கல்லிற் பதிந்த உருவத்தை அருகில் வைத்த காந்தம் கலைத்தல் இயலாது. கணினியிலும் தொலைக்காட்சியிலும் முன்னர் வழங்கிய கண்ணாடிக் குழாய்த் திரையின் உருவமோ அத்தகையதன்று. ஒலிபெருக்கியைப் பக்கத்தில் வைத்தால் திரை கெடும் என்று பலரும் கூறுவர். அக்கூற்று எத்துணை உண்மை என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1897-ஆம் ஆண்டில் பிரௌன் என்னும் ஜெர்மானிய அறிஞர் இத்தகைய குழாயை முதன்முதல் அமைத்தார். குழாயின் கழுத்திலிருந்து புறப்படும் எலெக்ட்ரான் கற்றை, திரையின் உட்புறம் பூசிய ஒளிர்பொருளைத் தாக்க, அவ்விடம் ஒளிர்கின்றது. ஓடும் எலெக்ட்ரான்களைக் காந்தம் வளைக்கும். கழுத்தைச் சுற்றிய கம்பிச்சுருள்களின் காந்த விசையே கற்றையைத் திரையெங்கும் செலுத்துவதும். எனவே, அயலிலிருந்து வேறொரு காந்தம் குறுக்கிடின் கற்றை வழி பிறழும். வண்ணத் திரையிலோ, செம்மை, பசுமை, நீலம் ஆகிய மூவகைப் புள்ளிகளுக்கு முன்னே நுண்டுளைகளையுடைய இரும்புத் தகடொன்று உண்டு. கற்றை சிறிது பிறழினும் செம்புள்ளியில் விழவேண்டியது பசும்புள்ளியில் விழும். மனித முகம் பச்சை நிறமாய்த் தோன்றும்.

இனி ஒலிபெருக்கியை நோக்குவோம். அதனுள் நிலைக்காந்தம் ஒன்றுளது. அதன் இடைவெளியில் நிற்கும் கம்பிச்சுருள் மின்னோட்டத்திற்கேற்ப அசைந்து, கூம்பு வடிவத் தாளை அதிர்விக்க ஒலி பிறக்கின்றது. ஒலிபெருக்கியை அணைத்துவிடினும் நிலைக்காந்தத்தின் விசை அணைவதில்லை. ஆதலின் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் அமைக்கும் ஒலிபெருக்கிகளுக்கு எதிர்க்காந்தமும் இரும்பு உறையும் இட்டு, விசை வெளிப்படாதவாறு தடுப்பர்.

காந்தத்தை அகற்றியவுடன் நிறம் சீர்ப்படின் கேடொன்றுமில்லை. ஆனால், காந்தம் நெடுநாள் அருகிருப்பின் துளைத்தகடே காந்தமேறி, பின்னரும் கறை போன்ற நிறத்திட்டு தங்கும். இதற்கும் மருந்துண்டு. வண்ணக்குழாயைச் சுற்றியுள்ள காந்தநீக்கச் சுருளில், பெட்டியை முடுக்குந்தோறும் மாறுமின்னோட்டம் பாய்ந்து படிப்படியாய்த் தணியும். அதனுடன் தகட்டின் காந்தமும் தணியும். சுருள் மீண்டும் தொழிற்படற்குப் பெட்டியைச் சுமார் அரைமணி நேரம் அணைத்து ஆறவிடுதல் வேண்டும். ஒருமுறையிற் போகாத கறை சிலமுறையிற் போகும். மிக வலிய காந்தத்தால் தகடே வளைந்துவிடின் மட்டும் கேடு நிலைத்துவிடும்.

பம்பாய்க் கொலாபாவில் 1841 முதல் புவிக்காந்தத்தை அளந்து வந்தனர். நகரின் டிராம் வண்டிகளை மின்சாரத்தால் இயக்கக் கருதியபோது, அம்மின்னோட்டம் அளவைகளைக் கெடுக்குமென்றுணர்ந்து, 1904-இல் அலிபாகில் புதிய ஆய்வகம் நிறுவினர். 1906 வரை ஈரிடத்தும் ஒருங்கே அளந்து ஒப்பிட்டு, பின்னரே கொலாபாவிற் காந்த அளவையை நிறுத்தினர். தொலைவே அவர்கள் கண்ட காப்பு. சிறு காந்தத்தின் விசை, தொலைவு இருமடங்கானால் ஏறத்தாழ எட்டிலொன்றாய்க் குறையும். ஒலிபெருக்கியை இரண்டு மூன்றடி தள்ளிவைத்தலே பெரும்பாலும் போதும் என்பது இதனாற் பெறப்படும்.

தமிழ்நாட்டரசு 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால், இத்தகைய குழாய்ப் பெட்டிகள் சிற்றூர்தோறும் எளியோர் இல்லங்களை அடைந்தன. நிறத்திட்டைக் கண்டு குழாயே பழுதென்று கருதுவோர், வேண்டாத செலவு செய்யவும் பெட்டியை எறியவும் நேரும். அக்கண்ணாடியில் ஈயம் கலந்திருத்தலின், கண்டவிடத்தில் எறிதல் மண்ணுக்கும் நீருக்கும் தீங்காம்.

இக்காலத்துத் தட்டைத் திரைகளில் எலெக்ட்ரான் கற்றை இல்லை. அவற்றின் அருகே ஒலிபெருக்கியை அஞ்சாது வைக்கலாம். காந்தப்பட்டையுள்ள வங்கி அட்டைகளையும் ஒலிநாடாக்களையும் மட்டும் அதன்மேல் வைத்தலாகாது. நம் மாணவர், அயலார் இல்லத்தில் நிறந்திரிந்த பழைய பெட்டி ஒன்றைக் காணின், அருகே காந்தம் உண்டோவென முதலில் நோக்குவாராக.