தோலில் இருப்பதும் சாற்றில் இறங்குவதும்

நெகிரி செம்பிலானில், சிரம்பான், பாஹாவ் பக்கத்துத் தோட்டங்களில் ரம்புத்தான் பருவம் வந்தால் சுளை வாய்க்கும் தோல் குப்பைக்கும் போகும். அந்தத் தோலுக்கு வலுவான ஆக்சிஜனேற்றத் தடுப்பு ஆற்றல் உண்டு என்பதை மொனாஷ் பல்கலைக்கழக மலேசிய வளாகத்தின் ஆய்வு 2008இல் காட்டியது. ஆனால் இப்படி அளந்து சொல்லும் ஆற்றல் பழத்தை மட்டும் பொறுத்ததல்ல. சாறு எடுத்த முறையையும் பொறுத்தது. மங்குஸ்தீன் தோலையே பாருங்கள். அதன் ஊதாச் சிவப்பு நிறமியான ஆந்தோசயனின் தண்ணீரில் கரையும். அதே தோலிலுள்ள ஆல்பா மாங்கோஸ்டின் என்ற சேர்மம் தண்ணீரில் அநேகமாகக் கரையாது, எத்தனாலில்தான் கரையும். தோல் ஒன்றுதான், சாறு இரண்டு. சூட்டைக் கூட்டினால் சத்து வேகமாக இறங்கும். கூடவே வைட்டமின் சி சிதையும், ரம்புத்தான் தோலிலுள்ள ஜெரானின் என்ற சேர்மம் உடைந்து எல்லாஜிக் அமிலம் போன்றவையாக மாறும்.

அதிக எண் காட்டும் முறையே சிறந்தது என்று சிலர் வாதிடலாம். ஆய்வகத்தில் டிபிபிஎச் என்ற ஊதாக் கரைசல் மஞ்சளாக வெளுப்பதை வைத்துத்தான் பெரும்பாலும் இந்த ஆற்றலை அளக்கிறார்கள். அது சோதனைக் குழாய்க்குள் நடப்பது. குடலும் ஈரலும் அந்தப் பொருளை எப்படி நடத்தும் என்பதை அது சொல்லாது. மேலும், ஆய்வகம் சாறு எடுக்கப் பல நேரம் பயன்படுத்தும் மெத்தனால் நஞ்சு. பாட்டி காலத்துக் கஷாயம் தண்ணீரில்தானே என்றால், சரிதான். ஆனால் எத்தனால் சாற்றுக்குக் கிடைத்த முடிவைக் கஷாயத்துக்குச் சூட்ட முடியாது. ஆகவே புட்டியில் அடைத்த சாற்றை வாங்குமுன் எந்தப் பாகம், எந்தக் கரைப்பான், எவ்வளவு சூடு என்று கேட்பதே நியாயம்.