மழையோடு ஒரு குகைப் பயணம்

நவம்பரில் பேராக் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம் என்றதும், "மழை மாசத்திலா?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். அம்மாவுக்கு வேறு கவலை. பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவால் இடது கையைச் சரியாகத் தூக்க முடியாது. ஆனாலும் அப்பா எங்களோடு கிளம்பிவிட்டார்.

முதலில் கோப்பெங் அருகே உள்ள குவா தெம்புருங். சுமார் 3 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சுண்ணாம்புக் குகைக்குள் ஓர் ஆறே ஓடுகிறது. அந்த ஆற்றில் இறங்கி நடக்கலாம் என்ற ஆசையோடுதான் அண்ணன் பிள்ளைகள் வந்தார்கள். முந்தின இரவு மழையில் தண்ணீர் ஏறியிருந்ததால் அந்த வழியை மூடிவிட்டார்கள். பிள்ளைகள் முகம் வாடிப்போனது. படிக்கட்டுகள் உள்ள உலர்ந்த பகுதியை மட்டும் பார்த்தோம். அப்பா வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏறினார்.

வழியை மூடிய அதே மழைதான் இந்தக் குகையைக் கட்டிய கொத்தனும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை இது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கலந்துகொண்டு, லேசான அமிலமாகிப் பாறையைக் கரைக்கிறது. கரைந்த சுண்ணாம்பு கூரையிலிருந்து சொட்டிச் சொட்டி விழுதாகிறது. அந்த விழுது ஒரு விரல் நீளம் வளரவே பல நூறு ஆண்டுகள் ஆகலாம். இப்படிப்பட்ட குகைகளில் பழைய உயிர்களின் தடயமும் தங்கிவிடுகிறது. அழிந்துபோன யானை இனமான ஸ்டெகோடோனின் புதைபடிவம் கோப்பெங் குகை ஒன்றில்தான் கிடைத்தது.

அன்றிரவு ஆற்றிலிருந்து தள்ளி, மேட்டில் கூடாரம் அடித்தோம். மழை வலுத்ததும் தார்ப்பாய் படபடத்தது. அப்பா கயிற்றை ஒரு கையால் இழுத்துப் பிடிக்க, பேரன் முடிச்சுப் போட்டான்.

மறுநாள் கோலகங்சார் வழியாக லெங்கோங். வழிநெடுக மலைகளில் மேகம் இறங்கிக் கிடந்தது. 2012இல் உலகப் பாரம்பரியத் தலமான இந்தப் பள்ளத்தாக்கில், குவா குனோங் ருந்து குகையில், 1991இல் டாக்டர் சுரைனா மஜிட் தலைமையிலான குழு தோண்டி எடுத்ததுதான் 'பேராக் மனிதன்' எலும்புக்கூடு. வயது 10,000 ஆண்டுகளுக்கும் மேல். அவருக்குப் பிறவியிலேயே இடது கையில் குறைபாடு.

"இந்தக் கையோட எப்படி வேட்டைக்குப் போயிருப்பார்?" என்று அப்பா கேட்டார்.

"மத்தவங்க கொண்டுவந்து கொடுத்திருப்பாங்க, தாத்தா" என்றான் பேரன், யோசிக்காமல்.

அப்பா பதில் சொல்லவில்லை. அவன் தோளில் கையை வைத்துக்கொண்டார்.

அந்த மனிதர் நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார். இறந்தபின் உடலைக் குறுக்கிக் கிடத்தி, ஆற்றுச் சிப்பிகளும் கல்கருவிகளும் இறைச்சியும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். மதிப்புக்குரியவராக இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. எழுத்தும் வயலும் இல்லாத காலத்திலேயே இங்கே ஒருவரை ஒருவர் தாங்கியிருக்கிறார்கள்.

நீங்களும் போவதென்றால், குகையும் காட்சிக்கூடமும் திறந்திருக்கின்றனவா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி "இன்று வேண்டாம்" என்றால் வாதாட வேண்டாம். குகைச் சுவரில் ஒட்டியிருக்கும் சிப்பியைப் பெயர்க்காதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவர்களுக்கும் இடமிருக்கும் வண்டியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.