தொண்டுக்கு உரிய மரியாதை

சங்க ஆண்டு விழா என்றால் பொன்னாடை, மாலை, நினைவுக் கேடயம் எல்லாம் உண்டு. நன்கொடை தந்தவரை மேடையேற்றிக் கௌரவிப்பது முறைதான். ஆனால் வருடம் முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கிச் சந்தா வசூலித்து, பத்து ரூபாய்க்கும் ரசீது எழுதிக் கணக்கு வைத்தவர், அன்று பந்திப் பக்கம் நின்று சாப்பாட்டைக் கவனித்துக்கொண்டிருப்பார். அவர் பெயர் நன்றியுரையின் கடைசியில் வரும். சில சமயம் அதுவும் விடுபட்டுப்போகும். பிறகு, பொறுப்புக்கு இளைஞர்கள் வருவதில்லை என்று குறைப்பட்டு என்ன பயன்?

நம் பகுதியின் பழைய ஏற்பாட்டைப் பார்ப்போம். விருதுநகர், திருமங்கலம், அருப்புக்கோட்டை, சிவகாசி போன்ற ஊர்களில் நாடார் வணிகர்கள் உறவின்முறை அமைத்தார்கள். வியாபாரத்தில் ஒரு சிறு தொகை 'மகமை'யாகப் பொதுநிதியில் சேர்ந்தது. அதை வசூலித்துக் கணக்குக் காட்டும் பொறுப்பு முறை வைத்து வந்தது. பொறுப்பேற்றவர் முறைகாரர். ஊர்ப்பணத்தை நம்பி ஒப்படைத்தார்களே, அதுவே அவருக்குப் பெரிய மரியாதை.

அந்தப் பணம் வீண் போகவில்லை. விருதுநகரில் 1889-இல் சத்திரிய வித்தியாசாலைப் பள்ளி எழுந்தது. பள்ளிக்காக வீடுகளில் பிடி அரிசியும் சேர்த்தார்கள். பெருந்தலைவர் காமராஜர் படித்தது அங்கேதான்.

1910-இல் பொறையாறில் தொடங்கிய நாடார் மகாஜன சங்கம் பின்னர் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டது. 1965-இல் அச்சங்கம் தொடங்கிய கல்லூரி, எஸ். வெள்ளைச்சாமி நாடார் பெயரைத் தாங்கி நாகமலையில் நடக்கிறது. அச்சங்கத்தின் பெருந்தலைவர்களில் ஒருவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டவர். 1953-இல் மறைந்த அவர் பெயரைத்தான் சென்னைப் பாண்டி பஜார் தாங்கி நிற்கிறது. ஒரு கடைவீதியே பெயர் சொல்வதைவிட வணிகர் உலகில் வேறென்ன விருது வேண்டும்?

எல்லோருக்கும் கடைவீதி கிடைக்காது. ஆனால் நம் சங்கங்கள் செய்யக்கூடியவை உண்டு. விருதுக்குப் பெயர் எடுக்குமுன், கொடுத்த தொகையோடு உழைத்த வருடங்களையும் பாருங்கள். பொருளாளரையும் வசூல் பார்த்தவரையும் முதல் வரிசையில் உட்கார வையுங்கள். அவர் செய்த வேலை இன்னது என்று மேடையில் விவரமாகச் சொல்லி, நிகழ்ச்சிக் குறிப்பேட்டிலும் எழுதி வையுங்கள். கண்மூடிய பிறகு படத்திறப்பு விழா நடத்துவதைவிட, கண் பார்க்கும்போதே ஒரு துண்டு போர்த்துவது மேல்.

உழைத்தவருக்கு மரியாதை கிடைப்பதைக் கண்ணால் பார்த்தால், அடுத்த முறைக்கு ஆள் தானாக வரும் என்பது நமது நம்பிக்கை.