மாகாண சபைத் தேர்தல்: தேசிய மக்கள் சக்தி எதற்காகக் காத்திருக்கிறது?

கொம்பனித்தெருவில் ஓட்டோ ஓட்டும் ஒருவர் ஆண்டுதோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்குக் கட்டும் பணம் மேல் மாகாணத்தின் வருமானம். அவருடைய பிள்ளை மாகாணப் பாடசாலையில் படித்தால், அந்தப் பாடசாலையை நடத்துவதும் மாகாண நிர்வாகம்தான். ஆனால், அந்த நிர்வாகத்தைக் கேள்வி கேட்க அவர் வாக்களித்துத் தெரிவு செய்த ஒருவரும் இல்லை. மேல் மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 மார்ச் 29ஆம் திகதி. அன்று 17 வயதாக இருந்தவர் இன்று முப்பதை நெருங்குகிறார். மாகாண சபைக்கு ஒருமுறைகூட வாக்களித்ததில்லை.

2017இல் கிழக்கு, சப்ரகமுவ, வட மத்திய சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. 2018 ஒக்டோபரில் வடக்கு சபை கலைந்தது. 2019 முடிவதற்குள் ஒன்பது சபைகளும் காலாவதியாகின. அன்றிலிருந்து ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்களே மாகாணங்களை நடத்துகிறார்கள்.

முடிச்சு எங்கே விழுந்தது?

2017 செப்டெம்பரில் நிறைவேறிய திருத்தச் சட்டம் பழைய விகிதாசார முறையை நீக்கி, தொகுதியும் விகிதாசாரமும் பாதிக்குப் பாதி கலந்த முறையைக் கொண்டுவந்தது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட் 24இல் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, எதிராக 139 வாக்குகள் விழுந்தன. ஆதரவாக ஒன்றுகூட இல்லை. பழைய முறை போய்விட்டது, புதிய முறைக்கு எல்லைகள் இல்லை. இதுதான் இன்றுவரை சொல்லப்படும் காரணம்.

இந்த முடிச்சை அவிழ்க்கக்கூடியது நாடாளுமன்றம் மட்டுமே. 2024 நவம்பர் 14 தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனங்களைப் பெற்றது. அது மூன்றில் இரண்டுக்கும் மேல். பழைய முறைக்கே திரும்ப ஒரு திருத்தம் போதும். ஆகவே இதை இனியும் சட்டச் சிக்கல் என்று மட்டும் சொல்ல முடியாது; இது அரசியல் முடிவு.

கட்சியின் கொள்கை என்ன?

தேசிய மக்கள் சக்தியின் முதுகெலும்பு ஜே.வி.பி. 1987 ஜூலையில் கையெழுத்தான இலங்கை – இந்திய ஒப்பந்தத்தையும் அதன்வழி வந்த 13ஆவது திருத்தத்தையும் அது ஆயுதமேந்தி எதிர்த்தது. ஒப்பந்தத்தை ஆதரித்த இடதுசாரிகள் பலர் அந்த நாட்களில் கொல்லப்பட்டார்கள். பின்னர் அதே கட்சி மாகாண சபைத் தேர்தல்களில் போட்டியிட்டது. 2014இல் மேல் மாகாண சபையில் அதற்கு 6 உறுப்பினர்கள் இருந்தார்கள். இடையில் 2006இல் ஜே.வி.பி.யினர் தொடுத்த வழக்கில்தான் வடக்கு – கிழக்கு இணைப்பு செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2024 தேர்தல் விஞ்ஞாபனத்தில் இரண்டு வாக்குறுதிகள் இருந்தன. ஒன்று, உள்ளூராட்சி, மாவட்டம், மாகாணம் ஆகிய மட்டங்களுக்கு அதிகாரத்தைப் பகிரும் புதிய அரசியலமைப்பு. மற்றது, தள்ளிப்போடப்பட்ட தேர்தல்களை ஓராண்டுக்குள் நடத்துவது. உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே 6இல் நடந்தது. மாகாண சபைத் தேர்தல் அந்த ஓராண்டுக்குள் வரவில்லை.

வாய்ப்பு எப்படி?

நாடாளுமன்றத் தேர்தலில் சுமார் 68 லட்சம் வாக்குகளுடன் 61.56 வீதம் பெற்ற கட்சி, ஆறே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தலில் சுமார் 45 லட்சம் வாக்குகளுடன் 43.26 வீதத்துக்கு இறங்கியது. ஊழல் மேட்டுக்குடிக்கு எதிராகச் சாதாரண மக்கள் என்ற முழக்கம் நாடு முழுவதற்குமான தேர்தலில் இழுத்த அளவுக்கு ஊர்மட்டத்தில் இழுக்கவில்லை. கொம்பனித்தெரு அடங்கும் கொழும்பு மாநகர சபையில் 117 ஆசனங்களில் அதற்குக் கிடைத்தவை 48 மட்டுமே. மேயர் தெரிவில் மற்றவர்களின் ஆதரவோடு 61க்கு 54 என்ற கணக்கில்தான் வெல்ல முடிந்தது.

வடக்கில் நிலைமை இன்னும் இறுக்கம். 2024இல் யாழ். தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3ஐ வென்ற கட்சி, அடுத்த ஆண்டு யாழ். மாநகர சபையில் 10 ஆசனங்களுடன் மூன்றாம் இடத்துக்குப் போனது. தமிழரசுக் கட்சிக்கு 13, தமிழ்க் காங்கிரஸுக்கு 12. 2013இல் வடக்கு மாகாண சபையின் 38 ஆசனங்களில் 30ஐ தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது. அந்தத் தமிழ் அணி இன்று பிரிந்து கிடக்கிறது என்பதே ஆளும் கட்சிக்கு அங்குள்ள ஒரே ஆறுதல்.

தெற்கில் 43 வீதம் முதலிடத்துக்குப் போதுமாக இருக்கலாம். பழைய முறையில் முதலிடக் கட்சிக்கு 2 போனஸ் ஆசனங்களும் உண்டு. ஆனாலும் தனித்து ஆட்சி அமைக்க முடியாத சபைகள் பல வரலாம். தேர்தல் இல்லாவிட்டால் ஒன்பது மாகாணங்களும் ஆளுநர் வழியாக ஜனாதிபதியின் கையில் இருக்கும். காத்திருப்பதால் ஆளும் கட்சிக்கு நட்டமில்லை.

கொம்பனித்தெருவுக்கு இதில் என்ன?

மாகாண சபை எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்ல முடியாது. 2010 மே மாதம் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டபோது மேல் மாகாண சபை இயங்கிக்கொண்டுதான் இருந்தது. நகர அபிவிருத்தி அதிகார சபையோ மத்திக்குரியது. அப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது. பலவீனமான சபையால் அந்த மக்களைக் காக்க முடியவில்லை.

அந்த அனுபவம் காட்டுவது, சபைக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டும் என்பதையே. சபையே வேண்டாம் என்பதை அல்ல. மாகாண சபை முறையில் நம்பிக்கை இல்லை என்றால் அரசாங்கம் அதை வெளிப்படையாகச் சொல்லி, பதிலாக எதைத் தரப்போகிறது என்று புதிய அரசியலமைப்பு வரைவில் காட்டட்டும். அதுவரை இருக்கிற சட்டத்தின்படி தேர்தலை நடத்தட்டும். வரியை வாங்கிக்கொண்டு வாக்கை மட்டும் மறுப்பது, மாற்றத்தின் பெயரால் வந்த ஓர் ஆட்சிக்கு அழகல்ல.