கெல்டாலின் குடுவையும் தேயிலைக் கொழுந்தும்

மலையகத் தேயிலையின் கதை என்றதும் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் நட்ட கன்றும், கொழுந்தைச் சுருட்டும் ரோலரும்தான் முன்னே வருகின்றன. ஆய்வுகூடக் கண்ணாடியை யாரும் நினைப்பதில்லை. நினைக்க வேண்டும் என்பேன். தேயிலையில் இலைதான் விளைச்சல். 100 கிலோ தேயிலைத்தூள் தோட்டத்தை விட்டுப் போகும்போது சுமார் 4 கிலோ நைதரசனும் கூடவே போகிறது. மண் படும் இந்தக் கடனைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அதை அளக்க வழி செய்தவர் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஜொஹான் கெல்டால். பீருக்கான தானியத்தின் புரதத்தை அளக்க 1883இல் அவர் வெளியிட்ட முறை, விரைவில் மண்ணுக்கும் இலைக்கும் பொதுவானது. உருண்ட அடி, நீண்ட கழுத்து: இதுதான் குடுவை. காய்ந்த இலைத்தூளைச் செறிந்த சல்பூரிக் அமிலத்தில் இட்டுச் சரித்து வைத்துக் காய்ச்சினால் முதலில் கரியாய்க் கறுக்கும், பின் மெல்லத் தெளியும். எழும் அமில ஆவி கழுத்திலேயே குளிர்ந்து அடிக்குத் திரும்பிவிடும். கழுத்தின் நீளம் அழகுக்கல்ல. பிறகு எரிசோடா சேர்த்து அமோனியாவை வடித்து, அளவியால் துளித்துளியாக அளந்தால் நைதரசன் எவ்வளவு என்று தெரிந்துவிடும். தேயிலையில் மட்டும் ஒரு சிக்கல்: கஃபீனிலும் ஏறத்தாழ 29 வீதம் நைதரசன் உண்டு. அதைக் கழிக்காமல் புரதம் என்று சொன்னால் கணக்குப் பிழைக்கும்.

1925இல் நுவரெலியாவில் தொடங்கித் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்துக்கு மாறிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் வருமுன்பே தேயிலை செழித்ததே என்று கேட்கலாம். செழித்தது உண்மை. காட்டை வெட்டித் திறந்த மண்ணின் பழைய சேமிப்பு அது. மழை அரித்த சரிவில் எத்தனை காலம் தாங்கும்? பசளை மூட்டையைச் சுமந்து மலையேறிய தொழிலாளரை விட்டுவிட்டுக் குடுவையைப் புகழ்வதா என்ற கேள்வி இன்னும் கனமானது. ஆனால் அந்தக் குறை ரோலரைப் புகழும் கதைக்கும் உண்டு. மண் இளைத்தால் கொழுந்து குறையும். நிறை பார்த்துச் சம்பளம் போடும் மலையில் முதலில் அடிபடுவது கொழுந்து பறிப்பவரே. அவருக்கும் உரிய கணக்குத்தான் குடுவைக்குள் இருந்தது. பழைய ஆய்வுகூடக் கண்ணாடிகள் எங்கேனும் அலுமாரிகளில் மிஞ்சியிருந்தால், கழித்துப் போடாமல் ஹந்தானைத் தேயிலை நூதனசாலைக்குக் கொடுங்கள்.