நம் குளத்து மீன்களை நாம் அறிவோமா?

மீன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கடல்தான். சூரை, பாரை, அறக்குளா, கீரி எனச் சந்தையில் காணும் கடல்மீன்களின் பெயர்களைச் சிறு பிள்ளைகளும் சொல்வார்கள். ஆனால் வீட்டுக்கு அருகிலுள்ள குளத்திலும் ஆற்றிலும் வயல் வாய்க்காலிலும் வாழும் மீன்களில் ஐந்தின் பெயரைக் கேட்டால் தயங்குவோம். 103 ஆற்று வடிநிலங்களும் பல்லாயிரம் குளங்களும் உள்ள நாட்டில் பிறந்த நமக்கு இது ஒரு குறையே.

இலங்கையின் சுதேச நன்னீர் மீனினங்களில் பாதிக்கும் மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றுள் ஒன்று இங்கு அழிந்தால், அது உலகிலிருந்தே அழிந்ததாகும். பெயர் தெரியாத ஒன்று குறைந்துபோவதை யாரும் கவனிப்பதில்லை. எனவே மீன்களை இனங்காணக் கற்பதே அவற்றைப் பாதுகாப்பதன் முதற்படி.

மீனொன்றை இனங்காணும்போது நிறத்தை மாத்திரம் நம்பக்கூடாது. வயது, ஆண் பெண் வேறுபாடு, இனப்பெருக்கக் காலம், நீரின் தன்மை ஆகியவற்றுக்கேற்ப நிறம் மாறும். செதில், மீசை, செட்டை, வாய் ஆகிய நான்கையும் ஒழுங்காகப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

முதலில் செதிலைப் பார்ப்போம். உடலில் செதிலே இல்லாமல் வாயைச் சுற்றி நீண்ட மீசைகள் இருந்தால் அது சுங்கான், கெளுத்தி, வாளை போன்றவற்றின் கூட்டத்தைச் சேர்ந்தது. சுங்கானுக்கும் கெளுத்திக்கும் நான்கு சோடி மீசைகள் உண்டு. வேறுபாடு முதுகில் இருக்கிறது. சுங்கானின் முதுகுச் செட்டை மிகச் சிறியது. கெளுத்திக்கோ முள்ளுடன் கூடிய முதுகுச் செட்டையும், அதற்குப் பின்னால் தசைபோன்ற இன்னொரு செட்டையும் உண்டு. சுங்கானின் மார்புச் செட்டை முள்ளில் நஞ்சு இருப்பதால்தான் உம்மாமார் அதனைத் துப்புரவு செய்யும்போது அத்தனை கவனமாக இருக்கிறார்கள்.

செதில் உள்ள மீன்களில் கெண்டைகளுக்கு முதுகின் நடுவே குட்டையான ஒரே செட்டை இருக்கும். தாடையில் பற்கள் இரா. விராலின் முதுகுச் செட்டை தலைக்குப் பின்னிருந்து வால்வரை நீளும். அகன்ற வாயில் பற்கள் உண்டு. பனையேறிக்குச் செட்டை முட்களோடு, செவுள் மூடியின் ஓரமும் வாள்போல் பற்களுடையதாக இருக்கும்.

இந்த உறுப்புகள் அடையாளத்தைக் காட்டுவதோடு மீனின் வாழ்க்கையையும் சொல்கின்றன. மேல்நோக்கிய வாய், நீர்மட்டத்தில் விழும் பூச்சிகளை உண்பதற்கு ஏற்றது. கீழ்நோக்கிய வாய் அடித்தளத்தில் இரைதேடுவதற்கு உதவும். கலங்கல் நீரிலும் இருளிலும் மீசையே கண்ணின் வேலையைச் செய்கிறது. விரால், சுங்கான், பனையேறி மூன்றும் செவுளால் மட்டுமன்றி, நீர்மட்டத்துக்கு வந்து வளியையும் சுவாசிக்கக் கூடியவை. அதனால்தான் உலர்வலயக் குளங்கள் வற்றிச் சேறாகும் காலத்திலும் இவை தாக்குப்பிடிக்கின்றன.

சில இனங்களைப் பிரித்தறிவது ஆய்வாளர்களுக்கே சவாலானது. ஈரவலய ஓடைகளில் வாழும் ஒரு சிறு கெண்டை, சிவந்த செட்டையுடனும் மஞ்சள் செட்டையுடனும் காணப்பட்டது. நெடுங்காலம் இரண்டும் ஒரே இனமாகவே கருதப்பட்டன. நுணுகி ஒப்பிட்ட ஆய்வாளர்கள், களனி கங்கைப் பக்கத்தில் வாழும் சிவந்த செட்டைக் கெண்டை தனியினம் என 2008ஆம் ஆண்டில் அறிவித்தனர். அதற்கு முன்னர் 1991ஆம் ஆண்டில் கேகாலை மாவட்டத்தின் கலப்பிட்டமடப் பகுதியில் ஓடும் சிற்றோடையொன்றிலிருந்து 'பந்துல பெத்தியா' எனும் கெண்டையினம் அறிவியலுக்கு அறிமுகமானது. இன்று அது மிக ஆபத்தான நிலையிலுள்ள இனம். வயல்களுக்கும் இறப்பர்த் தோட்டங்களுக்கும் ஊடே செல்லும் அத்தகைய சிற்றோடையில் கலக்கும் பூச்சிநாசினிகூட ஓர் இனத்தின் வாழ்வைத் தீர்மானித்துவிடலாம்.

இனி, வெளிநாட்டிலிருந்து வந்த மீன்களையும் அறிந்திருக்க வேண்டும். 1952ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட திலாப்பியா நம் குளங்களில் பெருகி, கிராமத்து மக்களுக்கு மலிவான புரத உணவாகியது. முட்டைகளைத் தாய்மீன் வாயிலேயே வைத்து அடைகாப்பது அதன் பெருக்கத்துக்கு ஒரு காரணம். ஆனால் வந்த எல்லா மீன்களும் இவ்வாறு பயன் தரவில்லை. கண்ணாடித் தொட்டிகளுக்காக இறக்குமதியான கத்திமீன் இன்று நம் நீர்நிலைகளில் பெருகிச் சிறு மீன்களை இரையாக்குகிறது. வால்பக்கத்தில் வரிசையாக உள்ள கரும்புள்ளிகளே அதன் அடையாளம். 'டேங்க் கிளீனர்' என விற்கப்படும் கவச மீன் கரைகளில் வளை தோண்டுகிறது. மீனவரின் வலைகளையும் சேதப்படுத்துகிறது.

இவை பெரும்பாலும் நீர்நிலைகளுக்கு வந்தது எப்படி? தொட்டிக்குள் அடங்காத அளவுக்கு வளர்ந்த மீனைக் கொல்ல மனமில்லாமல் அருகிலுள்ள வாய்க்காலில் விட்டுவிடுகிறோம். ஒரு மீனுக்குக் காட்டிய அந்த இரக்கம், அங்கு வாழ்ந்த நூறு மீன்களுக்குத் தீங்காகிவிடுகிறது. வளர்க்க முடியாத மீனை விற்ற கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம், அல்லது வளர்க்கக்கூடிய ஒருவரிடம் ஒப்படைக்கலாம். எக்காரணம் கொண்டும் ஆற்றிலோ குளத்திலோ விடக்கூடாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளைக் குளக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். மீனவரிடம் மீனின் பெயரையும் அது கிடைக்கும் காலத்தையும் கேட்க விடுங்கள். மாணவிகளே, பெரியவர் துணையின்றி நீர்நிலைக்குச் செல்லாதீர்கள். செல்லும்போது ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்துச் செல்லுங்கள். மீனின் படம், அதன் உள்ளூர்ப் பெயர், கண்ட இடம், திகதி ஆகியவற்றைப் பதிவுசெய்யுங்கள். பத்து ஆண்டுகளின் பின்னர் அதே குளத்தில் எந்த மீன் இல்லாமற் போனது, எந்த மீன் புதிதாக வந்தது என்பதைச் சொல்ல அந்தக் குறிப்பு உதவும்.